ஒரு திருகு தாங்கும் எடை: பேட்டரி கிரிப் வாங்குவது பற்றி

கல்யாணப் படம் எடுக்க வரும் இளைஞர்கள் முதலில் ஒரு கேமரா பாடி வாங்குகிறார்கள், பிறகு நல்ல லென்ஸ் ஒன்று வாங்குகிறார்கள், அதற்கு அடுத்தபடியாக அவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணே, பேட்டரி கிரிப் ஒரிஜினலே வாங்கிரவா, இல்ல வெளிக் கம்பெனிது போதுமா?" கேமராவின் அடியில் திருகிப் பூட்டும் கூடுதல் பிடிதான் இந்தக் கிரிப்; அதற்குள் பேட்டரிகளும், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அழுத்தப் பெரும்பாலும் இன்னொரு ஷட்டர் பட்டனும் இருக்கும். லென்ஸ் பற்றிக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் என்னிடம் உறுதியான பதில் இல்லை. தொழிலில் மூத்தவர்களும் இதில் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறார்கள். கேமரா செய்த நிறுவனம் செய்யாத எதையும் கேமராவில் பூட்டக் கூடாது என்று ஒரு சாரார் சொல்வார்கள். உள்ளே இருப்பது பேட்டரி வைக்கும் தட்டும் நான்கைந்து பட்டன்களும்தான், அதற்குப் போய் இவ்வளவு காசா என்று மற்றவர்கள் கேட்பார்கள். இரு தரப்பும் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார்கள் என்பதால் எதையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

விலை வித்தியாசம் சிறியதாக இருந்தால் இந்த விவாதமே எழாது. நிக்கான் டி850 கேமராவுக்கான எம்பி-டி18 கிரிப் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 400 டாலரை ஒட்டியிருந்தது. அதே கேமராவில் பொருந்தும் மாற்று நிறுவனக் கிரிப்கள் அதில் கால் பங்குக்கும் குறைவாகவே கிடைத்தன. இப்போதுதான் தொழிலுக்கு வந்திருக்கும் ஒருவருக்கு அந்த இடைவெளி ஒரு ஃபிளாஷ் விலை. சில சமயம் ஒரு பழைய பிரைம் லென்ஸ் விலை. "நல்லதையே வாங்கு" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது எனக்குச் சுலபம். அந்தப் பணம் இல்லாமல் அவர் எதை வாங்காமல் விடுகிறார் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அது அறிவுரை ஆகும்.

மின்சாரம் என்ற முதல் காரணம்

கிரிப் எதற்கு என்று கேட்டால் பெரும்பாலோர் "பேட்டரி நிற்கும்" என்கிறார்கள். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவருக்கு இது வலுவான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் அளவுகோலின்படி கேனான் 5டி மார்க் 4 ஒரு முழு சார்ஜில் சுமார் 900 படங்களும், டி850 சுமார் 1840 படங்களும் எடுக்கும். தொடர்ச்சியாக எடுக்கும் கல்யாண வேலையில் ஒரே சார்ஜில் அதைவிட அதிகப் படங்கள் கிடைப்பதே வழக்கம். சட்டைப் பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் வரவேற்பு முடிகிறவரை கவலையில்லை. மாற்றுவதற்குச் சில நொடிகள் போதும். கண்ணாடிக்குப் பதிலாக மின்திரையில் காட்சியைக் காட்டும் மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு இந்தக் கணக்கு மாறியது உண்மைதான். 2018இல் வந்த நிக்கான் இசட்6க்கு அதே அளவுகோல் 310 படங்கள்தான் கொடுத்தது. அதிகாலை நாதஸ்வரத்தில் தொடங்கி இரவு விருந்துவரை வ்யூஃபைண்டரை அணைக்காமல் வேலை செய்பவருக்கு இரண்டு பேட்டரி ஒன்றாக உள்ளே இருப்பது பெரிய நிம்மதி. தாலி கட்டும் நேரத்தில் பேட்டரிக் கதவைத் திறந்துகொண்டு நிற்க யாரும் விரும்புவதில்லை.

என்னைப் பொறுத்தவரை கிரிப்பின் உண்மையான பயன், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது கிடைப்பது. மேடையில் மணமக்களை முழு உயரத்துக்கு எடுக்க வேண்டும். பட்டுப்புடவையின் கரை தரையில் விழுந்திருப்பதுவரை படத்தில் வர வேண்டும். கிரிப் இல்லாமல் அப்படி எடுத்தால் வலது முழங்கை தலைக்கு மேல் நிற்கும். மணிக்கணக்கில் அப்படி நின்றவர்களுடைய தோள்பட்டையும் மணிக்கட்டும் என்ன பாடுபடும் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கிரிப் இருந்தால் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், கேமரா அசையாது, மெதுவான ஷட்டர் வேகத்திலும் படம் தெளிவாக வரும்.

வேகத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். சில கேமராக்களில் அது உண்மை. நிக்கான் டி700 தனியாக நொடிக்கு 5 படங்கள் எடுக்கும். எம்பி-டி10 கிரிப்பில் ஈஎன்-ஈஎல்4ஏ பேட்டரியோ எட்டு ஏஏ பேட்டரிகளோ போட்டால் 8 ஆகும். டி850 இதே முறையில், பெரிய ஈஎன்-ஈஎல்18 வகைப் பேட்டரியோடு, 7இலிருந்து 9க்குப் போகும். பாடிக்குள் இருக்கும் பேட்டரி 7 வோல்ட்டைச் சுற்றியே நிற்க, அந்தப் பெரிய பேட்டரி 11 வோல்ட்டை நெருங்குகிறது. கண்ணாடியையும் ஷட்டரையும் இயக்கும் மோட்டாருக்குக் கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கிறது. கிரிப்பின் மேல் எழுதியிருக்கும் பெயரால் இந்த வேகம் வருவதில்லை. டி700 காலத்தில் மாற்று நிறுவனக் கிரிப்பில் எட்டு ஏஏ பேட்டரி போட்டு இதே வேகத்தைப் பெற்றவர்கள் உண்டு. கல்யாண மேடையில் நொடிக்கு 9 படங்கள் யாருக்கும் தேவைப்படுவதில்லை. விளையாட்டோ பறவைகளோ எடுப்பவருக்கு அது வேறு விஷயம்.

பாயின் மேசையில்

எங்கள் ஊரில் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் அழைப்போம். ஃபிலிம் கேமரா காலத்திலிருந்து அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர். ஒரு நாள் வேறு வேலையாக அங்கே போயிருந்தபோது, மேசையில் இரண்டு கிரிப்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஒரிஜினல், ரப்பர் உரிந்து, பேட்டரிக் கதவின் கொக்கி உடைந்து வந்திருந்தது. இன்னொன்று மாற்று நிறுவனத்தினுடையது. பாடியோடு சேர்த்து இறுக்கினாலும் ஆடுகிறது என்று வந்திருந்தது. எனக்குள் வெகுநாளாகக் கிடந்த கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் எந்தப் பக்கமும் பேசாமல் இரண்டையும் என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"இதுக்குள்ள மூணு வழி இருக்கு தம்பி. கரண்டு போற வழி, பட்டன் சிக்னல் போற வழி, வெயிட்டு போற வழி. உங்களுக்கு இதுல எது முக்கியம்னு சொல்லுங்க, எதை வாங்கணும்னு நான் சொல்றேன்" என்றார்.

அந்த மேசையில் நான் பார்த்ததில் என்னை முதலில் வியக்க வைத்தது, மாற்று நிறுவனக் கிரிப்பின் மின்பலகை. அதைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. ஈயப் பற்றுகள் சுத்தமாக இருந்தன, சுவிட்சுகள் ஒழுங்காக அழுந்தின, கம்பிகள் முறையாக ஒதுக்கப்பட்டிருந்தன. வெளிக் கம்பெனிப் பொருள் என்றாலே உள்ளே அலங்கோலமாக இருக்கும் என்று சொல்லப்படுவதை அந்தப் பலகை பொய்யாக்கியது. வித்தியாசம் சட்டத்தில் இருந்தது. ஒரிஜினலில், கேமராவின் அடியில் இருக்கும் டிரைபாட் துளைக்குள் ஏறும் திருகும், கிரிப்பின் அடியில் டிரைபாட் தகடு பூட்டுகிற துளையும் ஒரே உலோகச் சட்டத்தில் அமர்ந்திருந்தன. எடை உலோகத்திலிருந்து உலோகத்துக்கே இறங்கும். மற்றதில் மேல் திருகு ஒரு தனித் துண்டில் நின்றது. அடித் துளை பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை வளையமாக இருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்தது வெளிக்கூடு மட்டும்தான், அதையும் சில சிறு திருகுகள்தான் பிடித்திருந்தன. பல மாதங்கள் டிரைபாடில் ஏறி இறங்கியதில் அந்தச் சிறு திருகுகளின் துளைகள் அகன்றுபோயிருந்தன. ஆட்டத்துக்கு அதுதான் காரணம்.

இதை எல்லா மாற்று நிறுவனங்களுக்கும் பொதுவாக்கிவிடக் கூடாது. உலோகச் சட்டம் வைத்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதேபோல ஒரிஜினல் என்ற சொல் மட்டும் உலோகத்துக்கு உத்தரவாதம் ஆகிவிடாது: கேனான் 5டி மார்க் 3க்கான பிஜி-இ11, நிக்கான் டி800க்கான எம்பி-டி12 போன்றவை மக்னீசியம் உலோகக் கலவையால் ஆனவை, தொடக்க நிலைக் கேமராக்களுக்குக் கேனான் விற்ற கிரிப்கள் பிளாஸ்டிக்தான். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது அந்த மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. கடையில் நாம் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம், பேட்டரி ஏறுகிறதா என்று பார்க்கிறோம். எடையைச் சோதிப்பவர் யாருமில்லை.

அந்த எடை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 5டி மார்க் 4 பேட்டரியோடும் கார்டோடும் 890 கிராம். 24-70 எஃப்2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் 805 கிராம். மேலே ஒரு 600இஎக்ஸ் ஃபிளாஷ் 425 கிராம். கிரிப்பையும் அதன் பேட்டரிகளையும் ஃபிளாஷுக்குள் போடும் செல்களையும் சேர்க்காமலே இரண்டு கிலோவைத் தாண்டிவிடுகிறது. 70-200 மாட்டினால் லென்ஸின் சொந்த வளையத்தில் டிரைபாடைப் பூட்டுவோம், கிரிப்புக்குச் சுமையில்லை. 24-70 மாட்டியிருக்கும்போது முழுச் சுமையும் கிரிப் வழியாகவே இறங்குகிறது. கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்லிங் பெல்ட் போடுபவருக்கு இது இன்னும் கடுமை. அந்த பெல்ட்டின் கொக்கி கிரிப்பின் அடித் துளையில்தான் மாட்டப்படுகிறது, நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்தத் துளை இழுபடுகிறது. அந்தப் பித்தளை வளையம் கழன்றால் கீழே விழுவது கிரிப் அல்ல, கேமராவும் லென்ஸும்.

பாடிக்குள் நுழையும் கிரிப், நுழையாத கிரிப்

பாய் சொன்ன மூன்று வழிகளை வைத்துக்கொண்டு யோசித்தபோது, ஒரிஜினலா மாற்றா என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருப்பது தெரிந்தது: உங்கள் கேமராவில் கிரிப் எப்படிப் பூட்டப்படுகிறது? கேனான் டிஎஸ்எல்ஆர்களிலும் ஆர்5, ஆர்6 போன்றவற்றிலும், சோனி ஏ7 வரிசையிலும், பாடியின் பேட்டரிக் கதவைக் கழற்றிவிட்டு, கிரிப்பிலிருந்து நீளும் தண்டைப் பேட்டரி அறைக்குள் செருக வேண்டும். இரண்டு பேட்டரிகளும் கிரிப்பில்தான் இருக்கும். கேமராவுக்குப் போகும் ஒவ்வொரு துளி மின்சாரமும் கிரிப்பைக் கடந்தே போகிறது. நிக்கானின் டி800, டி850, டி750, டி7000 வரிசைகளில் அப்படியில்லை. பாடியின் பேட்டரி பாடிக்குள்ளேயே இருக்கும், அடியிலிருக்கும் சிறு ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, மின்சாரம் கடத்தும் காண்டாக்ட்கள் வழியாகக் கிரிப் சேர்ந்துகொள்ளும். எந்தப் பேட்டரியை முதலில் தீர்க்க வேண்டும் என்று மெனுவில் நாமே சொல்லலாம். ஃபியூஜி எக்ஸ்-டி2, எக்ஸ்-டி3 ஆகியவையும் பாடியின் பேட்டரியை உள்ளேயே வைத்துக்கொண்டு கிரிப்பில் மேலும் இரண்டைச் சேர்த்துக்கொள்பவை.

வாங்கும் முடிவில் இந்த வித்தியாசத்துக்கு நான் மிகுந்த இடம் கொடுக்கிறேன். இரண்டாம் வகையில் கிரிப் நடுவில் செயலிழந்தாலும் கேமரா தொடர்ந்து வேலை செய்யும். செங்குத்து ஷட்டர் மட்டும் போகும். முதல் வகையில் கிரிப் நின்றால் கேமராவும் நின்றுவிடும். கிரிப்பைக் கழற்றி, அதன் தண்டில் செருகி வைத்திருக்கும் பேட்டரிக் கதவை எடுத்துப் பாடியில் மாட்டி, பேட்டரியைப் போட்டு மீண்டும் தொடங்குவதற்குள் தாலி கட்டி முடிந்திருக்கும். நண்பர் ஒருவருக்கு அப்படி நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மேடையில் ஒருவர் தோள் இடித்ததும் கேமரா அணைந்து மீண்டும் எரிந்தது; காண்டாக்ட் ஊசிகள் ஒரு கணம் விலகியிருக்கின்றன. எழுதிக்கொண்டிருந்த படம் போயிற்று. மழையிலும் ஈரத்திலும் இதே கணக்குதான். பாடியின் கதவு கழற்றப்பட்ட கேமராவில், பேட்டரி அறைக்குள் நீர் போகாமல் தடுக்கும் முழுப் பொறுப்பும் கிரிப்புக்கும் பாடிக்கும் இடையிலான ரப்பர் விளிம்பின் மேல் விழுகிறது. கொடைக்கானல் பனியில் வெளிப்புறப் படங்கள் எடுப்பவர் மாற்று கிரிப்பை வாங்குமுன் அந்த விளிம்பு இருக்கிறதா, பாடியோடு இடைவெளியின்றி உட்காருகிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது இப்படிச் சொல்கிறேன். தண்டு செருகும் வகைக் கேமராவும், டிரைபாட் அல்லது ஸ்லிங் பெல்ட் வேலையும் சேர்ந்திருந்தால் ஒரிஜினல்தான். அதில் காசைப் பார்க்காதீர்கள். பாடிக்குள் பேட்டரி தங்கும் வகையாக இருந்து, கையில் பிடித்து மேடைப் படங்கள் மட்டும் எடுப்பவராக இருந்தால், நல்ல பெயருள்ள மாற்று நிறுவனக் கிரிப்பை நிம்மதியாக வாங்கலாம். மிச்சமாகும் பணத்தில் இரண்டு ஒரிஜினல் பேட்டரிகள் வாங்குங்கள். அந்தக் கடைசிப் பகுதியை எப்போதும் அழுத்தியே சொல்வேன். மலிவான கிரிப்புக்குள் நல்ல பேட்டரி இருப்பது ஏற்கத்தக்கது. நல்ல கிரிப்புக்குள் தரமில்லாத லித்தியம் பேட்டரி இருப்பதை நான் ஏற்பதில்லை. அது உப்பிப்போனால் தட்டோடு சிக்கிக்கொண்டு வெளியே வராது, கிரிப்பும் சேர்ந்து கெடும்.

ஒரிஜினல் என்பதே இல்லாத இடங்கள்

சில கேமராக்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. நிக்கான் டி3000, டி5000 வரிசைகளுக்கு அந்த நிறுவனம் கிரிப் செய்யவே இல்லை. தமிழ்நாட்டில் பலர் தொழிலைத் தொடங்கியதே அந்த வரிசைக் கேமராக்களில்தான். அவற்றுக்கு மாற்று நிறுவனங்கள் செய்த கிரிப்கள் பலவற்றில், ஷட்டர் சிக்னலை எடுத்துப்போக ஒரு சிறு கம்பி வெளியே வந்து, பாடியின் பக்கவாட்டில் ரிமோட் மாட்டும் துளையில் செருகப்படும். பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம். டயல்கள் பெரும்பாலும் இயங்காது. அந்தக் கம்பி கையில் மாட்டும் என்பதைத் தவிர அவை செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இசட்6, இசட்7 முதல் பதிப்புகளுக்கு நிக்கானே வெளியிட்ட எம்பி-என்10 இரண்டு பேட்டரிகளை வைத்துக்கொண்டதே தவிர, அதில் ஷட்டர் பட்டனே இல்லை. செங்குத்துப் பட்டன்கள் அடுத்த தலைமுறைக்கான எம்பி-என்11இல்தான் வந்தன. ஃபியூஜியோ எக்ஸ்-டி5இல் செங்குத்துக் கிரிப்பைக் கைவிட்டுவிட்டது. தேவையானதை நிறுவனம் செய்யாதபோது, அதைச் செய்து கொடுப்பவரை மதிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நான் மதிக்காத மூன்றாவது வகை ஒன்று உண்டு. மாற்று நிறுவனம் தன் பெயரைப் போட்டு, தன் விலையில், தன் உத்தரவாதத்தோடு விற்கிறது. அது நேர்மையான வணிகம். ஒரிஜினலின் பெயரை அச்சடித்து, ஒரிஜினல் என்றே சொல்லி, முக்கால் விலைக்கு விற்கப்படும் போலி அப்படிப்பட்டதல்ல. வாங்குபவர் ஒரிஜினல் கிரிப் தாங்கும் எடையை நம்பி அதைத் தொங்கவிடுகிறார். பெட்டியில் எழுத்துகள் மங்கலாக இருப்பது, இறுக்கும் சக்கரத்தின் பல்வரிசை சீராக இல்லாதது, கிரிப்பின் ரப்பர் மேற்பரப்பு பாடியின் ரப்பரோடு பொருந்தாமல் பளபளப்பது ஆகியவற்றைப் பார்த்தால் விலகிவிடுங்கள். பில் தர மறுத்தால் பேச்சையே நிறுத்திவிடலாம்.

வாங்கிய அன்று செய்ய வேண்டியவை

எந்தக் கிரிப்பானாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டில் சோதித்துவிட வேண்டும். கேமராவில் கிரிப்பை மாட்டி, கனமான லென்ஸோடு டிரைபாடில் நிறுத்தி, லென்ஸின் முன்விளிம்பைப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள்; கண் லென்ஸைப் பார்க்காமல் பாடிக்கும் கிரிப்புக்கும் இடையிலான கோட்டைப் பார்க்கட்டும். அந்தக் கோடு திறந்து மூடினால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பிறகு டைமரில் அரை நொடிப் படங்கள் சில எடுத்து, கிரிப் இல்லாமலும் அதையே எடுத்து, முழு அளவில் ஒப்பிடுங்கள். மெனுவில் பேட்டரித் தகவல் இரண்டு பேட்டரிகளுக்கும் வருகிறதா என்று பார்ப்பது அவசியம். கேனானில் சார்ஜ் ஏறும் திறனும் நிக்கானில் பேட்டரியின் வயதும் அங்கே தெரியும், தெரியவில்லை என்றால் கிரிப் அந்தத் தகவலைக் கடத்தவில்லை. இரவில் முழு சார்ஜோடு கேமராவை அணைத்து வைத்து, மறுநாள் அளவைப் பாருங்கள். சில மலிவான கிரிப்கள் அணைந்திருக்கும்போதும் மின்சாரத்தைக் குடிக்கின்றன. கல்யாணத்துக்கு முந்தைய இரவு பையில் வைத்த கேமரா காலையில் பாதியாகியிருப்பதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

இதையெல்லாம் கேட்டபின் ஒரு தம்பி, "அப்ப ஒரிஜினல் வேணும், காசும் இல்லன்னா என்னண்ணே செய்யறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது: பயன்படுத்திய ஒரிஜினல். பாடி பழையதானதும் அதன் கிரிப்புக்கு மதிப்பு வேகமாக விழுந்துவிடுகிறது, ஏனென்றால் பெரும்பாலும் அது வேறு பாடிகளில் பொருந்தாது. 5டி மார்க் 3இன் பிஜி-இ11 கிரிப் மார்க் 4இல் ஏறாது. எம்பி-டி18 டி850ஐத் தவிர எதற்கும் உதவாது. மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் பாடியை விற்றுவிட்டு, தனியே தங்கிப்போன கிரிப்பைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். புதிதாகவே வாங்குவதாக இருந்தால் பல பாடிகளுக்குப் பொருந்துவதைப் பாருங்கள்: கேனானின் பிஜி-ஆர்10 ஆர்5, ஆர்6, ஆர்6 மார்க் 2 ஆகியவற்றுக்கும், சோனியின் விஜி-சி4இஎம் ஏ7 4, ஏ7எஸ் 3, ஏ1 போன்றவற்றுக்கும் ஆகும்; பாடி மாறினாலும் கிரிப் கூடவே வரும், விலை பல ஆண்டுகளுக்குப் பிரிந்துவிடும்.

பயன்படுத்தியதை வாங்கும்போது ரப்பர் உரிந்திருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம், பாய் போன்ற ஒருவர் அதை ஒட்டித் தந்துவிடுவார். கதவுக் கொக்கி உடைந்திருந்தால் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். பச்சை படிந்த காண்டாக்ட் இருந்தால், ஏஏ பேட்டரி ஒழுகியிருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். அடித் துளையின் மரை தேய்ந்திருக்கிறதா என்று ஒரு டிரைபாட் திருகை உங்கள் கையாலேயே முழுதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதியில் வழுக்கினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.